ஐயனார் காட்டைச் சுத்தம் செய்த கதை

முதல் வருஷம் நாங்கள் செய்த முதல் காரியமே தப்பு. ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார் காட்டைச் சுத்தம் செய்தோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக்கும் கழுவெளிக்கும் நடுவே எங்கள் ஊர். ஒரு ஏரி, அதை ஒட்டிச் செம்மண் மேடு, மேட்டின் மேல் மூன்று ஏக்கர்கூடத் தேறாத அந்தக் காடு. சாலையில் போகிறவர்களுக்குப் பெரிய புதர் மாதிரிதான் தெரியும். குனிந்து உள்ளே போனால் மண்குதிரைகள், கன்னிமார் ஏழு பேர், நட்டநடுவில் ஐயனார். அங்கே அரிவாள் வைக்கக் கூடாது, காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். பொங்கல் வைக்கிறவர்கள் அங்கேயே எரித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

அதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் இறங்கினோம். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், வாத்தியார் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஊர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர். நம் ஊர்ச் செடிகொடிகளைக் கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்று பேசி, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐக் குறித்திருந்தோம். விழா என்றால் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? நாற்பது மாணவர்கள், பத்து வெட்டுக்கத்தி, ஒரு டிராக்டர். இரண்டு மணி நேரத்தில் டிப்பரில் இரண்டு நடை முள்ளும் கொடியும் ஏற்றினோம். “இப்பதாம்பா கோயிலே கண்ணுக்குத் தெரியுது” என்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

இரண்டாவது நடை கிளம்பும் நேரத்தில் ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து ஓர் ஆயா வந்தார். டிப்பர் ஓரம் நின்று கையை விட்டு ஒவ்வொன்றாக உருவினார். “இது காரை. இது சூரை. இது ஆதண்டை. தோ, நன்னாரி வேரோட வந்துட்டிருக்குது.” அடியிலிருந்து முழங்கால் உயரத்தில் கரும்பச்சை இலையோடு ஒரு கன்றை இழுத்து என் கையில் கொடுத்தார். “இது வீரை. இந்த ஒசரம் வர எத்தினி வருசம் ஆவும் தெரியுமா கண்ணு? உன் புள்ள பொறந்தப்ப மொளச்சிருக்கும்.”

என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீளமாக இருந்த காட்டின் துணுக்குதான் எங்கள் ஐயனார் காடு. வருஷத்தில் பாதி நாள் மழையே இல்லாத இடம், ஆனாலும் மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். வீரை, பாலை, காசா, குருந்து, மகிழம், செருந்தி என்று இதன் மரங்கள் எல்லாமே ஆமை வேகத்தில் வளர்கிறவை. விறகுக்கும் முந்திரித் தோப்புக்கும் சவுக்குக்கும் வீட்டு மனைக்கும் இந்தக் காடு போய்விட்டது. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி கோயில்காடுகள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்பது இந்த வட்டாரத்தில் பேர்போனது.

இந்தக் காட்டில் முள்ளுப் புதர் குப்பை கிடையாது, தொட்டில். குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்றுவிட்டுப் புதரில் உட்கார்ந்து எச்சமிடும். விதை அந்த நிழலில் முளைக்கும். சூரையும் காரையும் முள்ளோடு சுற்றி நிற்பதால் ஆடு வாய் வைக்க முடியாது. பத்து, பதினைந்து வருஷம் கழித்து வீரை புதருக்கு மேலே தலை நீட்டும். நாங்கள் அள்ளிப்போட்டது அந்தப் பத்து, பதினைந்து வருஷத்தை. உங்கள் ஊரில் கோயில்காட்டைச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது கிளம்பினால், பிளாஸ்டிக் தம்ளரையும் பாட்டிலையும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

அந்த முதல் வருஷ விழாவின் மற்ற கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ‘நம் மண்ணின் மரங்கள்’ என்று பிளெக்ஸ் அடித்தோம். கடைக்காரர் போட்ட படத்தில் செக்கச்செவேல் என்று மே ஃபிளவர் மரம். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். ஓர் அலுவலகத்திலிருந்து இலவசமாக 300 கன்று வந்தது, அதில் பாதி தூங்குமூஞ்சி. அது தென் அமெரிக்கா. ஜூன் வெயிலில் குழி தோண்டி நட்டு, போட்டோ எடுத்து, கைதட்டிக் கலைந்தோம். தீபாவளிக்குப் போய் எண்ணினேன். பதினொன்று உயிரோடு இருந்தன, அதிலும் ஒன்பது பள்ளிக்கூடக் குழாயடிக்குப் பக்கத்தில். எங்கள் பக்கம் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நடுகிற கன்றுக்கு நான்கு மாதம் குடம் சுமக்க ஆள் இருந்தால் நடலாம். இது எந்த விவசாயிக்கும் தெரியும், நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

மேடையில் ஒரு மாணவி குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சு விடாமல் சொன்னாள். பலத்த கைதட்டல். அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் வருகிற குருந்து, மேடைக்கு இருபதடி தூரத்தில் நின்றது. எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, தலைமை தாங்கியவருக்கும் தெரியாது. தெரிந்த ஆயா பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டோம். மைக்கை நீட்டினோம், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் மகன் சொன்னபோதுதான் தெரிந்தது, அன்றைக்குக் களைபறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். சால்வையைக் கொடுத்தால் எந்தக் கடையில் அரிசி போடுவார்கள்?

இரண்டாவது வருஷம் நாளை மாற்றினோம். புரட்டாசி கடைசி ஞாயிறு. மழைக்கு முன்னால், ஆனால் மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும். புரட்டாசியில் கிடா வெட்டு கிடையாது என்பதால் கோயிலிலும் கூட்டம் இல்லை, பாத்திரம் பண்டம் இல்லை, காடு அமைதியாக இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். மேடை இல்லை, சாமியானா இல்லை, தலைமை உரை இல்லை. இதற்கு எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு வந்தது. தலைவரைக் கூப்பிடாமல் எப்படி என்று. கூப்பிட்டோம், அவரும் வரிசையில் நடந்து வந்தார், ஒன்றும் குடி முழுகவில்லை.

பூசாரியைச் சம்மதிக்கவைக்கத்தான் ஒரு மாதம் பிடித்தது. “பெரிய காடு, அரிய காடுன்னு நீங்க பேசப் பேச, கவர்மெண்டு வந்து வேலி போட்டு எங்களை வெளிய நிறுத்திடும்” என்பது அவர் பயம். நியாயமான பயம். திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காட்டைப் பற்றி அவரிடம் சொன்னோம். ஐந்து ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவு, 2025-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு 2022-லேயே கிடைத்த அந்தஸ்து அது. இவ்வளவு சின்னக் காட்டுக்கும் மதிப்பு உண்டு என்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் காட்டுக்கு எந்த மனுவும் போட மாட்டோம், போடுவதென்றால் ஊர்க்கூட்டத்தில் கேட்டுத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே சரி என்றார்.

ஆயாவை இந்த முறை வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவரோடு குடியிருப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் வழக்கமான நாள்கூலியைவிடக் கொஞ்சம் கூட்டி, முன்தினமே கையில் கொடுத்துவிட்டோம். “மைக்கு கீக்கு கெடையாதே?” என்று மட்டும் கேட்டார்.

பெயர் அட்டை விஷயத்தில் நான் ஒரு யோசனை செய்தேன், அது தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டது. மரத்துக்கு மரம் பெயர் எழுதி ஆணி அடிப்பது வழக்கம். எங்களுக்கோ பெயரே உறுதியாகத் தெரியாது. அதனால் நம்பர் மட்டும் பெரிதாக அடித்து, கீழே நான்கு கோடு காலியாக விட்டு, லேமினேஷன் செய்யாமல் தடித்த அட்டையாகக் கயிற்றுச் சரட்டில் தளர்வாகக் கட்டினோம். பென்சிலும் கூடவே. தெரிந்தவர்கள் தெரிந்த பெயரை எழுதலாம். மாலையில் அட்டையையும் சரட்டையும் அவிழ்த்துவிட வேண்டும்.

இருபது இருபது பேராக உள்ளே விட்டோம். இருக்கிற ஒற்றையடிப் பாதையில் மட்டும் நடை, ஆயா முன்னால். ஏழாம் நம்பர் மரத்திடம் ஓர் இலையைக் கசக்கிப் பிள்ளைகளின் மூக்கில் வைத்தார். எலுமிச்சை வாசனை. “காட்டெலுமிச்ச” என்றார். பின்னால் வந்த பூசாரி, “இதைக் குருந்துன்னுதான் எங்கப்பா சொல்வாரு” என்றார். போன வருஷம் தொண்ணூற்றொன்பது பூவை ஒப்பித்த மாணவி அங்கேயே நின்றுவிட்டாள். “இதுவா குருந்து?” என்று இரண்டு தடவை கேட்டாள். இலையின் மேல் காக்கை எச்சம் போல ஒன்று கிடந்தது. ஆயா குச்சியால் தொட்டதும் அது தலையைத் தூக்கியது. எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னப் புழுவாக இருக்கும்போது பறவை கொத்தாமல் இருக்க அதற்கு அந்த எச்ச வேஷம். அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னது எதை என்று நினைக்கிறீர்கள்? எச்சப் புழுவைத்தான்.

பன்னிரண்டாம் நம்பரில் நடந்தது நாங்கள் எதிர்பார்க்காதது. வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. அங்கிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்திருந்தார். சொரசொரப்பான பட்டை, நுனியில் சிறு பிளவோடு இலை. ஆயா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா மரத்தில் கையை வைத்து, “இது பாலை எல்லோ!” என்றார். “எங்கட வன்னிக் காடு முழுக்கப் பாலையும் வீரையும்தான் தம்பி. பழக்காலத்தில நிலத்தில கொட்டிக் கிடக்கும். நிறையத் திண்டா உதடு ரெண்டும் ஒட்டிப்போயிடும்.” ஆயா சிரித்தார். “இங்கியும் ஒட்டும்மா.” அந்த இரண்டு பேரும் அதற்கப்புறம் எங்களை மறந்துவிட்டார்கள். வரிசை நின்றுபோய், பின்னால் வந்த இருபது பேர் முன்னால் இருந்த இருபது பேரோடு கலந்து ஒரே குழப்பம். குழுவுக்குக் குழு அரைமணி இடைவெளி விடுங்கள், கால்மணி போதாது. அந்த அட்டையில் மட்டும் நான்கு கோடும் நிரம்பியிருந்தது: பாலை, பாலா, உலக்கைப்பாலை, அப்புறம் யாரோ ஒரு பிள்ளை எழுதிய ‘ஒட்டுப்பழம்’.

காட்டுக்கு வெளியே, ஆலமரத்தடியில் ஒரு மேசை. வீட்டில் கல்மரம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்று சொல்லியிருந்தோம். திருவக்கரையில் தரையெங்கும் கிடக்கும் மரம்போன்ற கற்கள் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. அரக்கனுடைய எலும்பு என்று பாட்டிமார் சொல்வார்கள். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால்தான் வேறெங்கிருந்தோ உருண்டு வந்தவை என்று கணிக்கிறார்கள். மரச்சத்து மெல்ல மெல்லக் கரைந்து அந்த இடத்தில் மணலில் இருக்கும் சிலிக்கா ஏறி, ரேகை மாறாமல் கல்லாகிவிட்டது. 1940-லிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் அது. அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது என்பதை அழைப்பிலேயே அழுத்திச் சொன்னோம். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போனால் போதும். வந்தவை: கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல் இரண்டு, மாட்டுக்கொட்டகைப் படி ஒன்று, ஒரு துவைக்கல். துவைக்கல்லைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தவர், ஆண்டு வளையத்தைப் பார்த்ததும் “நாப்பது வருசமா இதுமேலதான் வேட்டி தொவைக்கிறேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசை கொஞ்சம் வம்பு. வீட்டிலிருந்து ஒரு நாட்டுச் செடி கொண்டுவாருங்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தோம். கொடுக்காப்புளி வந்தது, சீத்தா வந்தது, பப்பாளி, முந்திரி, நித்தியகல்யாணி எல்லாம் வந்தன. ஒன்றுகூட இந்த நாட்டுச் செடி இல்லை. நித்தியகல்யாணி மடகாஸ்கர், மற்றதெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. இதை ஒரு வாலிபர் எழுந்து விளக்க, அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, “அப்ப இது?” என்றார். மணிலாக்கொட்டைதான் எங்கள் வாயில் மல்லாட்டை ஆனது. பெயரிலேயே கப்பல் இருக்கிறது. எங்கள் பட்டிமன்றம் அதோடு தடம் புரண்டது. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று அந்த வாலிபர் சொன்னதை ஒரு பெண்மணி ஒப்புக்கொள்ளவே இல்லை. சங்கப் பாட்டிலேயே புளி இருக்கிறது என்று தமிழாசிரியர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

என் கட்சி இது: எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். மல்லாட்டை வயலைத் தாண்டாது. சீமைக்கருவேலம் அப்படியல்ல, ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டு ஏரி முழுக்க ஏற்றிவிடும். ஆரோவில்லிலேகூட, பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில் 1968-க்குப் பிறகு மரம் வளர்க்க ஆரம்பித்தவர்கள் ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்கு வைத்துத்தான் மண்ணைத் தேற்றினார்கள், இந்த ஊர் மரங்கள் அதற்கடியில் வந்தன. எங்கள் ஊரில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர் ஒருவர், “இத்த ஒழிச்சுட்டா எனக்குக் கஞ்சி யார் ஊத்துவா?” என்று கேட்டார். பதில் இல்லை எங்களிடம். ஆனால் அவரே, வெட்டிய முள்ளைக் கொடுக்கிறேன், கன்றுக்கு வேலி கட்டிக்கொள்ளுங்கள் என்றார். டிப்பர் கணக்கில் நாங்கள் பிடுங்கிப்போட்ட சூரைக்கும் காரைக்கும் பதிலாக அந்த முள்தான் இப்போது நிற்கிறது.

கன்று விஷயம். விழா நாளில் ஒரு கன்றுகூட நடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஐப்பசி மழை இறங்கியதும் ஆறு பேர் மட்டும் போய் நாற்பது கன்று வைத்தோம், காட்டுக்குள் அல்ல, விளிம்பில். பாலைக் கன்று கிடைக்கவில்லை என்று அலைகிறவர்களுக்கு ஒரு தகவல்: சப்போட்டா ஒட்டுக்கட்டும் நர்சரியில் கேளுங்கள். சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகப் பாலையைத்தான் வளர்க்கிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. பென்சில் தடிமன்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அது இரண்டு வருஷக் கன்றாக இருக்கலாம். மற்ற மரங்களுக்கு ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் விசாரிக்கலாம். கவரைக் கிழித்ததும் வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள், சுருண்டிருந்தால் அடி வேரை நறுக்கிவிட்டு வையுங்கள். நாவல் கொட்டையைச் சேர்த்துவைத்துப் பிறகு விதைக்கலாம் என்றால் முளைக்காது, தின்ற கையோடு ஊன்ற வேண்டும். புன்னை ஓட்டை லேசாக உடைத்துப் போட்டால் சீக்கிரம் வரும்.

இன்னும் இரண்டு சமாச்சாரம். பிள்ளைகள் வருகிற இடத்தில் குன்றிமணியைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். எங்கள் மேசையில் வைத்திருந்தோம், நான்கு வயதுப் பெண் ஒருத்தி வாயில் போடப் போனதை அவள் அம்மா பார்த்துவிட்டார். மென்றால் உயிருக்கே ஆபத்து. வேலியில் பூத்திருக்கும் செங்காந்தளும் அப்படித்தான், மாநில மலர் என்று பெருமையாகக் காட்டலாம், கிழங்கை யாரும் தொடக் கூடாது. அப்புறம், பெண்களுக்குக் கழிப்பிடம். முதல் வருஷம் அதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காத ஆம்பிளைக் குழு நாங்கள். இரண்டாவது வருஷம் பக்கத்து வீட்டு இரண்டு குடும்பங்களிடம் சொல்லி வைத்தோம். பெண்கள் வந்தது மூன்று மடங்கு.

அட்டைகளை மாலையில் அவிழ்த்து எடுத்து வந்து கடையில் வைத்து ஒரு நோட்டில் ஏற்றினேன். முப்பத்தொரு மரம் செடி கொடிக்கு எழுபத்தெட்டுப் பெயர். ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று இருக்க வேண்டும், அதற்கென ஒரு குழுவும் உண்டு. நோட்டின் நகலை எங்கள் ஊராட்சியில் கொடுத்தோம். அசல் பூசாரி வீட்டில். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. ஆயாவும் பார்த்துவிட்டு, “பூக்கட்டும், சொல்றேன்” என்றுவிட்டார்.

இந்த வருஷமும் புரட்டாசி நெருங்குகிறது. போன வாரம் டிராக்டர்காரர் கடைக்கு வந்து, டிப்பர் எத்தனை மணிக்கு வேணும் என்று கேட்டார். டிப்பர் வேண்டாம், தண்ணி டிரம் நான்கையும் பெஞ்சையும் ஏற்றிவர மினி லோடு வண்டி போதும் என்றேன். வாடகை குறைகிறதே என்று கொஞ்சம் முகம் சுளித்தார். அப்புறம் போகும்போது வாசலில் நின்று, “அந்த எச்சப் புழு இந்த வருசமும் இருக்குமா? என் பேத்தி நச்சரிக்கிறா” என்றார்.